ஸொக்சைட்: அறுவடைக் காலத்தில் கைகொடுக்காத கருவி

கல்முனை நண்பன் கேட்டான்: "மச்சான், புரொஜெக்ட் கூடிப்போச்சு. நீ பாவிக்கிற அந்த ஸொக்சைட்டைப் போடட்டா?" ஸொக்சைட் (zoxide) என்பது, நாம் போய்வந்த போல்டர்களை ஞாபகம் வைத்து, அடுத்த முறை சட்டென்று அங்கே கொண்டுபோய் விடும் சின்ன மென்பொருள். வேண்டுமா வேண்டாமா என்பது வாட்சப்பில் ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விசயம் இல்லை.

கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் டெர்மினலில் 'ஸெட்' (z) என்று அடித்து, போல்டர் பெயரில் இரண்டு மூன்று எழுத்தைச் சேர்த்தால் நேரே அங்கே போய்விடலாம். காத்தான்குடித் துணிக்கடையின் பில்லிங்கில் இருந்து மெல்பேர்ண் கிளையன்டின் வேலைக்குத் தாவக் கண்மூடித் திறக்கிற நேரம் போதும். அந்த வேகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கோபமெல்லாம் அது புள்ளி போடும் முறையில்தான். ஒரு போல்டருக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் 1 புள்ளி. கடைசியாகப் போனது ஒரு மணி நேரத்துக்குள் என்றால் மொத்தப் புள்ளி 4 மடங்கு, ஒரு நாளுக்குள் என்றால் 2 மடங்கு, ஒரு வாரத்துக்குள் என்றால் பாதி, அதற்கும் பழசு என்றால் கால்வாசி. தினமும் ஒரே நாலு இடத்தில் வேலை செய்பவருக்கு அருமையான கணக்கு. என் வேலை அப்படி இல்லை. சம்மாந்துறை அரிசி ஆலைக்கு எழுதிய நெல் கொள்வனவு மென்பொருளைப் பெரும்போக அறுவடைக்கு ஒருமுறை, சிறுபோகத்துக்கு ஒருமுறைதான் திறப்பேன். மற்ற மாதமெல்லாம் அது கால்வாசிப் புள்ளியோடு அடியில் கிடக்கும். ஆலை வாசலில் நெல் மூட்டையோடு ட்ரக்டர்கள் வரிசையில் நிற்க, "தம்பி, ஈரத்துக்குக் கழிக்கிற கணக்குப் பிழைக்குது" என்று முதலாளி போனில் கத்துவார். அந்த நேரம் பார்த்து 'ஸெட் பேக்கெண்ட்' என்றால், அதாவது பின்னணியில் ஓடும் கோட் இருக்கிற போல்டரைக் கேட்டால், துணிக்கடையின் பேக்கெண்டில் கொண்டுபோய் விடும். எல்லாப் புரொஜெக்டிலும் அந்தப் பெயரில் ஒரு போல்டர் இருக்கிறதே! டேட்டாபேஸை மாற்றும் கட்டளை ஓட்டப்போகிற நேரத்தில் இது சின்ன விசயம் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. 'ஸெட் மில் பேக்' என்று இரண்டு சொல் கொடுத்தால் சரியான இடத்துக்குப் போகும். கடைசிச் சொல் பாதையின் கடைசிப் போல்டரோடு பொருந்தினால் சரி. ஸ்பேஸ் விட்டு டேப் அழுத்தினால் பட்டியல் வரும். அதன் எக்கோ அமைப்பை (_ZO_ECHO) 1 என்று வைத்தால் எங்கே போகிறது என்று ஒரு வரியில் காட்டும். அதை நான் அணைப்பதே இல்லை. ஆனாலும் அவசரத்தில் யார் இரண்டு சொல் அடிப்பார்கள்?

போன மாதம் லெப்டொப்பில் எல்லாம் சேமிக்கிற எஸ்எஸ்டி செத்து, டவுனில் கொடுத்து மாற்றினேன். கோட் முழுக்க, அதன் பிரதியை வைத்திருக்கும் கிட்டில் (Git) இருந்து இறங்கிவிட்டது. ஸொக்சைட்டின் ஞாபகம் மட்டும் வெறுமை. எல்லாம் 'டிபி.ஸெட்ஓ' (db.zo) என்ற ஒரே ஒரு பைலில் இருந்தது. திரும்பவும் நீளப் பாதைகளை அடித்த அந்த நாட்களில்தான் இது எனக்காக எவ்வளவு உழைத்திருக்கிறது என்று விளங்கியது. இப்போது அந்தப் பைலுக்கும் பேக்கப் உண்டு.

சரி, நண்பனுக்கு என் பதில்: உனக்கு வேண்டாம். உன் கிளையன்ட்களில் பாதி பள்ளிக்கூடங்கள், தவணைக்கு ஒருமுறைதான் உன்னைத் தேடுவார்கள். பாதைகளை ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி, பட்டியலுக்குள் தேடித்தரும் எஃப்-ஸெட்-எஃப் (fzf) என்ற கருவியில் தேடு. கடைசியாக எப்போது திறந்தாய் என்று அது பார்க்காது. நான் ஸொக்சைட்டைக் கழற்றப் போவதில்லை. ஆலைப் போல்டர்களுக்கு மட்டும் தனியாக ஏலியஸ், அதாவது நானே வைத்த குறுக்குக் கட்டளை, போட்டுவிட்டேன்.