கிழ நாய்க்கு 'ஞாபக சிரப்' வாங்குமுன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

வயதான நாய், பூனை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'இயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட், மூளைக்கு டானிக்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு சிரப் சுற்றுகிறது. அதற்கு 1,450 ரூபாய் தண்டம் அழுதிருக்கிறேன்.

எங்கள் ஜிம்மிக்கு 13 வயது. ராத்திரி தூங்காமல் ஹாலையே சுற்றும். கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, கீல் இருக்கிற பக்கம் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். விற்றவரிடம் இதைச் சொன்னதும், "மறதி நோய்தான் சார். டாக்டர்கிட்ட போனா டெஸ்ட் டெஸ்ட்னு காசைப் பிடுங்குவாங்க. இது அமெரிக்காவுல நிரூபிச்சது" என்றார்.

அமெரிக்கக் கதை பொய்யில்லை, அங்கேதான் ஆளைக் கவிழ்க்கிறார்கள். 1999-இல் பாஸ்டனில் உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஜோசஃப் குழுவினர் 19 மாத எலிகளுக்கு (எலிக்கு அது கிழப்பருவம்) புளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி, பாலக்கீரை இவற்றில் ஏதாவது ஒன்றின் சாறு கலந்த தீனியை 8 வாரம் கொடுத்தார்கள். ஞாபகச் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அளவைப் பாருங்கள்: புளூபெர்ரி என்றால் தீனியில் ஏறக்குறைய 2 சதவீதம் உலர்ந்த சாறு, அதாவது கிலோவுக்கு 20 கிராம். ஜிம்மி தினம் 300 கிராம் சாப்பிடுகிறது. அந்தக் கணக்கில் 6 கிராம் வேண்டும். பாட்டிலில் போட்டிருப்பதோ காலை 2 மில்லி, மாலை 2 மில்லி. அந்த 4 மில்லி முழுக்கப் பழச்சாறே என்றாலும் கணக்கு உதைக்கிறது. லேபிளில் மூளைப் படம் பெரிதாக இருக்கிறது, எந்தச் சரக்கு எத்தனை மில்லிகிராம் என்பது மட்டும் இல்லை. கேட்டால் "கம்பெனி ரகசியம்". பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

நாய்களிடமும் ஆய்வு நடந்திருக்கிறது. வயதான பீகிள் நாய்களுக்கு வைட்டமின் இ, சி, காய்கறி, பழம் சேர்த்த உணவை இரண்டு வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். சிலவற்றுக்குக் கூடவே ஜோடி நாய், நடை, விளையாட்டுச் சாமான், மூளைக்கு வேலை. உணவும் இந்தக் கவனிப்பும் சேர்ந்து கிடைத்த நாய்கள்தான் மற்றவற்றைவிட நன்றாகத் தேறின. இதைச் சொன்னால் பாட்டில் எப்படி விற்கும்?

அப்புறம் கால்நடை மருத்துவரிடம் போனோம். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுத் தேய்மானம். வலியில்தான் ராத்திரி படுக்க முடியாமல் சுற்றியிருக்கிறது. வலி மருந்துக்குப் பிறகு தூங்குகிறது. கீல் பக்கம் நிற்பது இன்னும் இருக்கிறது; அது மறதியாகவே இருக்கலாம் என்கிறார்.

பூனை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். 'நாய், பூனை இரண்டுக்கும்' என்று போட்டிருக்கும் அதே லேபிளில் ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் என்ற சரக்கும் இருக்கிறது. நாய் தாங்குகிற அளவைப் பூனை தாங்காது, ஈரல் கெட்டுவிடும். வாங்கி வைத்திருந்தால் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள். பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். ஏமாந்தவர்கள் நீங்களும் கொடுங்கள்.