ஜீப் ஜே-10இல் மோட்டார்கிராஃப்ட் 2100: மேட்டில் பெட்ரோல் வழியாமல் ஓட்ட

258 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினுடன் வந்த 1980களின் ஜீப் ஜே-10 பிக்கப்பில் கம்பெனி போட்ட கார்ட்டர் பிபிடி கார்புரேட்டரின் பெரிய நோய், அதன் ஐடில் குழாய்கள் (மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் தரும் மெல்லிய குழாய்கள்) துளி அழுக்குக்கே அடைத்துக்கொள்வது. அதைக் கழற்றிவிட்டு, ஃபோர்டின் பழைய கார்புரேட்டரான மோட்டார்கிராஃப்ட் 2100ஐ அடாப்டர் பிளேட்டில் உட்கார்த்துவது அமெரிக்காவில் வெகுநாளாக நடக்கிற வேலை. சாலையில் அப்படியே மாட்டினாலும் நன்றாக ஓடும். பாறையும் செங்குத்து மேடும் வந்தால்தான் கூடுதல் வேலை.

வாங்கும்போது பவுலின் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் தொட்டி) பக்கவாட்டில் வட்டத்துக்குள் வார்த்திருக்கும் எண்ணைப் பாருங்கள். காற்று போகும் தொண்டையின் குறுகிய இடத்து விட்டம் அது, அங்குலத்தில். 258க்கு 1.08 போதும். 1.21 கிடைத்தது என்று மாட்டினால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் போதாமல் இழுவை மந்தமாகும். பாறையில் ஊர்ந்து போகிறவருக்கு வேண்டியதே அந்தக் குறைந்த ஆர்பிஎம்தான்.

மேட்டில் கரும்புகை விட்டு எஞ்சின் அணைந்தால் பலர் முதலில் ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் துளை) கை வைக்கிறார்கள். வியாதி அங்கே இல்லை. 2100இல் பவுல் முன்பக்கம் இருக்கிறது. வண்டி மூக்கைத் தூக்கினால் பவுலில் உள்ள பெட்ரோல் மட்டம் பூஸ்டர் (தொண்டைக்குள் பெட்ரோலை விடும் மூக்கு) வாயைவிட உயர்ந்து, யாரும் உறிஞ்சாமலே உள்ளே சொட்டும். ஜெட்டைச் சின்னதாக்கினால் சொட்டுவது நிற்காது, சமதளத்தில் எஞ்சின் சூடேறுவதுதான் மிச்சம்.

முதலில் பார்க்கவேண்டியது பெட்ரோல் பம்ப் அழுத்தம். 4 முதல் 5 பிஎஸ்ஐ சரி. எலக்ட்ரிக் பம்ப் போட்டு 7க்கு மேல் தள்ளினால், பவுலுக்குப் பெட்ரோல் வரும் வழியை மூடும் எந்த நீடிலும் தாங்காது. மூன்று வாய் உள்ள பெட்ரோல் ஃபில்டராக இருந்தால் ரிட்டர்ன் வாய் மேல்நோக்கி இருக்கவேண்டும். இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட், இன்டேக் இரண்டும் ஒரே பக்கம், ஒன்றின்மேல் ஒன்று. அந்தச் சூட்டில் உண்டாகும் ஆவி ரிட்டர்ன் வழியாகத்தான் டாங்குக்குத் திரும்புகிறது.

அடுத்தது ஃப்ளோட் மட்டம். பவுலில் மிதந்து நீடிலை மூடித் திறப்பது இந்த ஃப்ளோட்தான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் சூடான பிறகு மேல்மூடியைக் கழற்றி, கேஸ்கெட் பரப்பிலிருந்து பெட்ரோல் வரை அளக்கவேண்டும். கம்பெனி அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதைவிடப் பெட்ரோல் மட்டத்தை 1/16 அங்குலம் மட்டும் இறக்குங்கள். 1/8க்கு மேல் இறக்கினால் ஏற்றம் சரியாகி இறக்கத்தில் அணைய ஆரம்பிக்கும், நெடுஞ்சாலையில் முழு த்ராட்டிலில் மூச்சுத் திணறும். இதற்காக ஃப்ளோட்டின் நாக்கை வளைக்கும்போது நீடிலை அதன் சீட்டில் அழுத்தாதீர்கள், ரப்பர் முனையில் தழும்பு விழும். திறந்த பெட்ரோல் அருகில் செய்கிற வேலை, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது ஸ்பிரிங் வைத்த நீடில்-சீட். பாறையில் குதிக்கும்போது ஃப்ளோட் துள்ளி நீடிலைத் தட்டித் திறப்பதை அந்தச் சின்ன ஸ்பிரிங் தடுக்கிறது. செலவு குறைவு, பலன் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

பவுல் வென்ட்டை (பவுலின் காற்றுத் துளை) பெட்ரோல் தாங்கும் ரப்பர் குழாயால் ஏர் கிளீனர் மூடிக்கு அருகே வரை நீட்டி, முனையைச் சரிவாக வெட்டலாம். ஏர் கிளீனருக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. புழுதியில் ஏர் ஃபில்டர் அடைக்கும்போது தொண்டையில் அழுத்தம் குறையும், பவுலில் வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கும். அந்த வித்தியாசமே பெட்ரோலைக் கூடுதலாகத் தள்ளும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஜெட். உயரம் 2,000 அடிக்கு ஒரு எண் குறைப்பது பழைய கணக்கு. மோட்டார்கிராஃப்ட் ஜெட்டுக்குப் பதில் இன்னொரு கார்புரேட்டர் கம்பெனியான ஹோலியின் ஜெட்டை எண்ணை மட்டும் நம்பி மாற்றிப் போடாதீர்கள். சரிவில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பத்து நிமிடம் ஐடிலில் விட்டு டார்ச் அடித்து பூஸ்டரைப் பார்த்தால் சொட்டுகிறதா என்பது தெரிந்துவிடும்.

வருடக்கணக்கில் ஓடும்போது முதலில் தளர்வது அடாப்டர் பிளேட்டின் போல்ட்டுகள். அதிர்வில் இளகிக் காற்று இழுக்கும், ஐடில் ஏறி இறங்கும். கார்புரேட்டரைக் குறை சொல்லுமுன் அதைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்சலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் விறைக்கும், மிதித்தவுடன் ஒரு தயக்கம் தெரியும். பவுலுக்கு அடியில் நான்கு ஸ்க்ரூ மூடிக்குள் இருக்கும் பவர் வால்வ் (அதிகம் மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் தரும் வால்வு) கிழிந்தால் எந்தச் சரிவிலும் இல்லாமலே கரும்புகை வரும். த்ராட்டில் தண்டு ஆட்டம் கண்டுவிட்டால் ரிப்பேர் கிட் போட்டுப் பயனில்லை, புஷ் அடிக்கவேண்டும்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கவனிக்க: 1976 மாடல் முதலான வண்டிகளுக்கு அங்கே புகைச் சோதனை உண்டு, இந்த மாற்றம் கண்பார்வைச் சோதனையிலேயே தோற்றுவிடும்.