பெரிய பானைக்கு இந்த குரோக் களிமண் தாங்குமா?

கையால் கிள்ளிக் கட்டும் பெரிய பானைக்கு இந்த 10 கிலோ மூட்டையைத் தயங்காமல் வாங்கலாம். சுட்டு இடித்த மண்பொடி, அதாவது குரோக், கலந்திருப்பதால் ஈரத்திலும் சுவர் நிற்கிறது. காயும்போது சுருக்கமும் குறைவு.

1.5 கிலோ உருண்டையில் கட்டைவிரலை இறக்கி, அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு, கீழிருந்து மேலாகச் சுற்றிச் சுற்றிக் கிள்ளுங்கள். விளிம்பு தடிமனாகவே இருக்கட்டும். முதலில் காய்ந்து வெடிப்பது அதுதான். ஒரே மூச்சில் உயரம் ஏற்றினால் வயிறு தொய்ந்துவிடும். கீழ்ப்பகுதி சற்று இறுகியபின் விளிம்பைக் கீறி, மண்குழம்பு தடவி, விரல் பருமனில் உருட்டிய களிமண் திரி வைத்து, உள்ளும் புறமும் இழுத்துக் கிள்ளினால் இணைப்பு பிரியாது.

சொரசொரப்புதான் குறை: விரல்நுனி எரியும். மெல்லிய கிண்ணத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.