ஏவலா, காசா, முறையா, தனிப்பொறுப்பா: பிள்ளைகளுக்கு வீட்டு வேலை கொடுக்கும் நான்கு வழிகள்

வயதுக்கேற்ற வேலையைப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும் என்பதை வேலூர்ப் பெற்றோரில் மறுப்பவர் அதிகம் இல்லை. எப்படிப் பழக்குவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வழி மாறுகிறது. தேவைப்படும்போது கூப்பிட்டு ஏவுவது ஒரு வழி. வேலைக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பது இன்னொன்று. அண்ணன் தங்கைக்குள் வாரம்தோறும் முறை மாற்றுவது மூன்றாவது. ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பிள்ளையின் பொறுப்பிலேயே விட்டுவிடுவது நான்காவது. இவற்றை மூன்று கேள்விகளால் எடைபோடலாம். நினைவூட்டாமல் வேலை நடக்கிறதா? பிள்ளை அதை உண்மையாகவே கற்றுக்கொள்கிறதா? ஆண், பெண் என்ற பேதமில்லாமல் பங்கு விழுகிறதா?

ஏவல் நம் வீடுகளில் இயல்பாக நடப்பது. திட்டம் எதுவும் வேண்டியதில்லை. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வழியும் கிடையாது. விளையாட்டுச் சாமான்களைக் கூடையில் போடுவது, அழுக்குத் துணியைக் கொண்டுபோய் வைப்பது, பூண்டுப் பல்லைப் பிரித்துத் தருவது ஆகியவற்றை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா செய்வதைப் பார்த்தபடியே பிள்ளை செய்யும். ஆனால் ஏழெட்டு வயதுக்குப் பிறகும் ஏவலே தொடர்ந்தால், வேலையைப் பற்றிய நினைப்பு முழுவதும் அம்மாவின் தலையிலேயே தங்கிவிடுகிறது. தயிர் தீர்ந்துவிட்டது என்று கவனிப்பவர் அவர். கடைக்குப் போய்வருவது மட்டுமே பிள்ளையின் பங்கு. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வருகிற பிள்ளையே மறுபடி மறுபடி கூப்பிடப்படும் என்பதும் உண்மை. பெரும்பாலும் அது பெண்பிள்ளையாகத்தான் இருக்கிறது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களைக் கணக்கில் எடுத்த 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டது தெரிந்தது. அந்த இடைவெளி திருமணத்திற்குப் பிறகு திடீரென்று முளைப்பதில்லை. ‘நீ எடுத்துட்டு வாம்மா’ என்று மகளை மட்டும் எழுப்புகிற கூடத்திலேயே அது தொடங்குகிறது.

காசு கொடுக்கும் வழி முதல் மாதத்தில் நன்றாக வேலை செய்வதுபோலத் தோன்றும். உண்டியல் நிறையும், கணக்கு எழுதும் பழக்கமும் வரும் என்று அதை ஆதரிப்பவர்கள் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. இருப்பினும், ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. இருபது மாதக் குழந்தைகள் பிறருக்கு உதவியபோது ஒரு பிரிவினருக்குப் பொருளைப் பரிசாகக் கொடுத்தார்கள். பரிசு நின்ற பிறகு, பரிசே பெறாத குழந்தைகளையும் வெறும் பாராட்டு மட்டும் பெற்ற குழந்தைகளையும் காட்டிலும் அவர்கள் குறைவாகவே உதவினார்கள். தானாக ஓடிவந்து உதவும் மனம் குழந்தையிடம் முன்பே இருக்கிறது. அதற்கு விலை வைத்தால் மனம் பின்வாங்கி விலை முன்னே நிற்கிறது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குக் காசு என்று பழகிய பிள்ளை, காசு வேண்டாம் என்ற நாளில் தட்டையும் வேண்டாம் என்று சொல்ல உரிமை பெறுகிறது. ஆகவே, அன்றாட வேலைக்குக் காசு கூடாது என்பது என் முடிவு. பழைய பேப்பரை அடுக்கிக் கட்டிக் கடையில் போட்ட பணத்தைப் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும். அது எப்போதோ வருகிற வேலை, அதனால் கெடுதல் இல்லை.

காசைப் பற்றிப் பேசும்போது நம் வட்டாரத்தில் ஒன்றை ஒதுக்கிவிட முடியாது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கங்களில் பீடி சுற்றுவது வீட்டுத் திண்ணையிலேயே நடக்கும் தொழில். முறத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வீட்டுக்கு உதவுகிற பிள்ளை என்று சொல்வது எளிது. ஆனால் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தபோதே பீடி தயாரிப்பு அதன் தடைப் பட்டியலில் இருந்தது. புகையிலைத் தூளும், எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கும் உள்ள வேலையை வயதுக்கேற்ற வேலையாகக் கருத இடமே இல்லை. வீட்டு வேலை என்பது தன்னையும் தன் குடும்பத்தையும் பேணுவது. வருமானத்திற்காகச் செய்வதை அதோடு கலக்கக் கூடாது.

மீதமுள்ள முறை மாற்றுவதற்கும் தனிப்பொறுப்புக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. முறை மாற்றுவதில் நியாயம் கண்ணுக்குத் தெரியும். இந்த வாரம் பாத்திரம் அவனுக்கு, பெருக்குவது அவளுக்கு என்றால் யாரும் முகம் சுளிக்க முடியாது. குறை என்னவென்றால், கை பழகுவதற்குள் வேலை மாறிவிடுகிறது. குப்பைக் கூடை நிரம்பி வழிந்தால் அது போன வாரத்துக்காரரின் குற்றமாகிறது. வழக்கைத் தீர்த்துவைக்கும் வேலையும் அம்மாவுக்கே வந்து சேர்கிறது.

தனிப்பொறுப்பு என்ன செய்கிறது என்பதைத் தண்ணீரை வைத்தே பார்க்கலாம். பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே தெரிகிற ஊரில், குழாயில் தண்ணீர் விடும் நாளைத் தவறவிடாமல் இருப்பது வீட்டின் தலையாய வேலைகளில் ஒன்று. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் ஒரு துண்டைக் கொடுக்கலாம்: இரவில் எல்லோருடைய குடிநீர் பாட்டிலையும் நிரப்பி வைப்பது. எட்டு வயதில், குடிநீர்ப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, நிரப்பிய பின் மூடி போடுவது வரை அதன் பொறுப்பு வளரலாம். பன்னிரண்டு வயதில் எந்த நாளில் தண்ணீர் வரும், டிரம்மில் எவ்வளவு மிச்சம், எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று கணக்கிடுவதும் அதனுடையதாகலாம். வேலை ஒன்றேதான், வயதுக்கேற்ப விரிகிறது. ஆனால் தூக்குவதில் கண்டிப்பு வேண்டும். பதினைந்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் நிரம்பினால் பதினைந்து கிலோவுக்கு மேல். எட்டு வயதுப் பிள்ளையின் எடையில் அது பாதிக்கும் அதிகம். சிறு வாளியில் பாதி நிரப்பி இரண்டு நடை நடப்பதே அந்த வயதுக்குத் தகும்.

சமையலறையிலும் இதே வளர்ச்சியைக் காணலாம். கேழ்வரகுக் களி கிண்டும் வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை மாவை அளந்து சலித்துத் தரலாம். கொதிக்கும் களியைத் துடுப்பால் கிளறுவதற்குத் தோள்வலிமையும் நிதானமும் வேண்டும் என்பதால், அது பதினான்கு, பதினைந்து வயதில் பெரியவர் அருகில் நிற்கும்போது கற்க வேண்டியது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைக் காம்பு குத்தாமல் பிடித்து நறுக்க, பத்து வயதுக் கைக்குக் கத்தியும் பலகையும் கொடுத்துக் கற்றுத்தரலாம். அரிவாள்மனை அதற்குப் பிறகு. கழிவறைக்கு ஆசிட் ஊற்றுவதை எந்த வயதுப் பிள்ளையிடமும் விடவே கூடாது. அதோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி, சிறு பிள்ளைகளின் கையில் பொம்மைச் சாமான்களுக்குப் பதிலாக அவர்கள் கைக்கு அடங்கும் உண்மையான கண்ணாடிக் குவளையையும் துடைப்பத்தையும் கொடுத்தார். உடையக்கூடிய பொருள்தான் கவனத்தைக் கற்றுத்தரும் என்பது அவர் கண்டது. தனிப்பொறுப்பின் பலமும் அதுவே: தவறினால் விளைவு தெரிய வேண்டும், ஆனால் யாருக்கும் தீங்கு வரக் கூடாது. பாட்டில் நிரப்ப மறந்தால் காலையில் எல்லோரும் அவசரமாக நிரப்புவார்கள். அந்த நேரத்தில் அம்மா திட்டாமலும், ஓடிப்போய்த் தானே முந்திச் செய்யாமலும் இருப்பதுதான் இந்த வழியில் மிகக் கடினமான பகுதி. பல வீடுகளில் தனிப்பொறுப்பு தோற்பது இங்கேதான்.

அதன் இன்னொரு பலவீனமும் மறைக்கத் தக்கதல்ல. ஒரே வேலை நிரந்தரமாகிவிட்டால், சமையலறை மகளுக்கும் கடைத்தெரு மகனுக்கும் என்று பழைய கோடே மறுபடி விழும். இதற்கு முறை மாற்றுவதிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம்: வாரத்திற்குப் பதிலாக ஆண்டுக்கு ஒருமுறை, ஜூனில் பள்ளி திறக்கும்போது, மகனும் மகளும் பொறுப்பை மாற்றிக்கொள்ளட்டும். ஓராண்டு போதும், கையும் பழகும், உரிமையும் ஊறாது. ஐந்து வயது வரை ஏவல், அதன்பின் ஆண்டுக்கொருமுறை மாறும் தனிப்பொறுப்பு என்பதையே நான் பரிந்துரைப்பேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது பிள்ளையை எல்லா வேலையிலிருந்தும் விடுவிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. பெரிய வேலையைத் தம்பிக்கு மாற்றிவிட்டு, துணி மடிப்பது போலப் பத்து நிமிடத்தில் முடிகிற ஒன்றை மட்டும் அந்தப் பிள்ளையிடமே விட்டுவைக்கலாம். படிப்புக்கு நடுவே எழுந்து நடமாடவும் அது இடம் தரும்.