சென்னையா, சிங்கப்பூரா, லட்சத்தீவா: கப்பல் பயணத்தில் எது காசுக்கு மதிப்பு?

சென்னையிலிருந்து இரண்டு இரவு, தலைக்கு இவ்வளவு என்று ஒரு விளம்பரம் வரும். சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு, கிட்டத்தட்ட அதே தொகை என்று இன்னொன்று. இதற்கு நடுவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது லட்சத்தீவுக் கப்பல் படத்தைப் போட்டு, "இதுதான் சீப்" என்பார்கள். மூன்றிலும் படுக்கை உண்டு, சாப்பாடு உண்டு, சுற்றிலும் கடல். ஆனால் மூவரும் விற்பது ஒரே சரக்கு அல்ல. தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் ஒரு சராசரிக் குடும்பத்துக்கு, அதாவது கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே வர ஆசைப்படும் ஒரு பாட்டி என்று வைத்துக்கொண்டு இவற்றை அலசிப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. கப்பல் கம்பெனிகள் எல்லாம் இரவுக் கணக்கில்தான் விற்கின்றன. வாங்குகிறவர் பகல் கணக்கு போட வேண்டும். இரண்டு இரவுப் பயணம் என்றால், மதியம் துறைமுகத்தில் வரிசையில் நின்று, பாதுகாப்புச் சோதனை முடித்து, மாலையில் கப்பல் நகரும். மறுநாள் ஒன்றுதான் முழு நாள். மூன்றாம் நாள் காலைச் சிற்றுண்டி முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். ஆக இரண்டு இரவுக்குக் காசு, கையில் கிடைப்பது ஒரு பகல். மூன்று இரவு என்றால் இரண்டு பகல், நான்கு இரவு என்றால் மூன்று பகல். இரண்டு இரவை விட்டு நான்கு இரவுக்குப் போகும்போது செலவு இரட்டிப்பாகலாம், ஆனால் பகல் மூன்று மடங்காகிறது. அதிலும் ஊரிலிருந்து துறைமுகம் போய் வரும் செலவு இரண்டுக்கும் ஒன்றேதான். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு இரவுப் பயணத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கப்பல் நமக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டுமானால் சரி, போய் வரலாம்.

சென்னைக் கப்பல்

சென்னையிலிருந்து ஓடுவது கார்டீலியா என்ற இந்தியக் கம்பெனியின் எம்ப்ரஸ். இந்தக் கப்பல் 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கடலில் இறங்கியது. ராயல் கரீபியன் என்ற வெளிநாட்டுக் கம்பெனியில் 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்' ஆக ஓடி, 2021-ல் இந்தியக் கடலுக்கு வந்தது. சென்னையிலிருந்து 2022 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். கிட்டத்தட்ட 48,000 டன், ஏறத்தாழ 800 கேபின்கள். பழைய கப்பல் என்பதால் கேபின்கள் சின்னவை. இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. பால்கனி கேபின்கள் குறைவு, அதனால் விலை அதிகம். இந்தக் கப்பலில் பால்கனிக்குக் கொடுக்கும் காசை வைத்து ஒரு இரவு கூடுதலாகப் போவதே லாபம்.

இதன் பெரிய பலம் சாப்பாடும் சௌகரியமும். சைவம், ஜெயின் எல்லாம் கேட்காமலே இருக்கும். இந்தியக் கடலுக்குள் மட்டும் போய் வரும் பயணத்துக்குப் பாஸ்போர்ட் தொல்லை இல்லை, விமானச் செலவு இல்லை. பாட்டிக்கு மொழிப் பிரச்சினையும் இல்லை.

பலவீனம் இறங்கும் இடம். 'ஹை சீஸ்' என்று போட்டிருந்தால் எந்த ஊரிலும் இறங்கப் போவதில்லை. கப்பல் கடலுக்குள் போய்விட்டுத் திரும்பும், அவ்வளவுதான். ஊர் பெயர் போட்டிருந்தாலும் அது உத்தரவாதம் அல்ல. 2022-ல் முதல் பயணங்களின்போது, கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பதைக் காரணம் காட்டிப் புதுச்சேரி அனுமதி மறுத்தது. பயணிகள் அங்கே இறங்க முடியவில்லை. எந்தக் கப்பல் கம்பெனியின் ஒப்பந்தத்தை எடுத்தாலும், துறைமுகத்தை மாற்றவும் விடவும் எங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி இருக்கும். ஒரு ஊரைத் தவிர்த்துவிட்டால் பெரும்பாலும் அந்தத் துறைமுகக் கட்டணம் மட்டும்தான் திரும்ப வரும்.

இந்தக் கப்பலின் பயணங்களில் எனக்குப் பிடித்தது இலங்கை வழி. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஓட ஆரம்பித்தது. காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலை நகுலேஸ்வரம் பக்கத்திலேயே. நல்லூரும் யாழ் நகரமும் அரைப் பகலில் பார்த்துவிடும் தூரம். திருகோணமலையில் கோணேசர் கோயில் மலை முனையில் நிற்கிறது. பாட்டியை அழைத்துப் போக இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. அம்பாந்தோட்டை மட்டும் கொஞ்சம் சுமார். துறைமுகத்தைத் தாண்டி எங்கே போவதானாலும் வண்டி பிடிக்க வேண்டும். இலங்கைப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் கட்டாயம்.

ஒரு விஷயம்: இந்தக் கப்பல் வருடம் முழுக்கச் சென்னையில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவமழையில் மேற்குக் கரை கொந்தளிக்கும்போதுதான் மும்பையை விட்டு இந்தப் பக்கம் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஆண்டு அட்டவணை மாறும். மே மாத லீவில்தான் போவேன் என்கிறவர்களுக்கு இது எப்போதும் பொருந்தி வராது.

சிங்கப்பூர்க் கப்பல்கள்

இங்கே கப்பலே ஒரு ஊர். ராயல் கரீபியனின் ஸ்பெக்ட்ரம், ஆந்தம், ஓவேஷன் போன்ற கப்பல்கள் எம்ப்ரஸைப் போல மூன்று மடங்குக்கும் மேல்; நாலாயிரம் பேருக்கு மேல் ஏறுவார்கள். கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்துக் கடல்மட்டத்துக்கு மேல் 90 மீட்டர் தூக்கும் 'நார்த் ஸ்டார்', செயற்கை அலையில் பலகைச் சறுக்கல், மோதும் கார்கள் என்று பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கும். ஜன்னல் இல்லாத உள்கேபினிலும் தரையிலிருந்து கூரை வரை திரை வைத்து வெளிக்கடலை நேரலையில் காட்டுகிறார்கள். இரவில் அதை அணைக்காமல் தூங்கலாம். இதைப் பார்த்தபின் இந்தக் கப்பல்களிலும் பால்கனிக்குக் கூடுதல் காசு கொடுக்க மனசு வராது. ஸ்டார்ட்ரீம் (முன்பு ரிசார்ட்ஸ் வேர்ல்ட்) கம்பெனியின் ஜென்டிங் ட்ரீம் 2016-ல் கட்டியது, கொஞ்சம் சிறியது. ஆசியக் குடும்பங்களை நினைத்தே நடத்துகிறார்கள். சைவ, ஜெயின் சமையலும் கிடைக்கும்.

ஆனால் விளம்பரத்தில் இருக்கும் தொகையோடு நின்றுவிடாதீர்கள். டிப்ஸ் தனி. ராயல் கரீபியனில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலர் அளவில் பிடிக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்து. நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் 222 டாலர். நம் பணத்தில் இருபதாயிரத்தை ஒட்டி வரும். மூன்று இரவுக்கு மலிவு என்று நினைத்த இடத்தில் இது ஒரு விமான டிக்கெட். அப்புறம் துறைமுகக் கட்டணம், வரி, இன்டர்நெட், குளிர்பானம், நல்ல காபி. வெளிநாட்டு டூர் பேக்கேஜாக ஏஜென்ட்டிடம் வாங்கினால் டிசிஎஸ் என்று விற்கும்போதே வசூலிக்கும் வரியும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் இப்போதைக்குக் கையிலிருந்து போகும்.

ஏறிய முதல் ஒரு மணி நேரம்தான் ஆபத்தான நேரம். மேல் டெக்கில் பாட்டுச் சத்தம், வண்ண வண்ணக் கண்ணாடிக் கோப்பைகளில் ஜூஸ் மாதிரி ஏதோ, தட்டோடு சிரித்தபடி வருவார்கள். வரவேற்பு பானம் என்று பிள்ளைகள் கையை நீட்டுவார்கள். பெரும்பாலும் அது கணக்கில் ஏறும், கோப்பையின் விலையும் சேர்த்து. பஃபேயில் தண்ணீர், டீ, சாதாரண காபி எல்லாம் சும்மாவே கிடைக்கும். அங்கே போய்க் குடிக்கலாம். போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிட வேண்டும். நடுக்கடலில் கப்பலின் சொந்த செல் டவரைப் பிடித்துவிட்டால் ரோமிங் பில் தனிக் கதை.

விசா விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது. சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவிலோ தாய்லாந்திலோ இறங்கி, மறுபடி சிங்கப்பூருக்குள் வருகிறோம். அதனால் சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் வகையா என்று பார்த்துவிட்டுத்தான் கப்பலுக்கு முழுத்தொகை கட்ட வேண்டும். மலேசியா இந்தியர்களுக்கு 2026 இறுதி வரை விசா விலக்கு கொடுத்திருக்கிறது. கடைசி நிமிடத் தள்ளுபடி என்பது சிங்கப்பூர்க்காரருக்குத்தான். விசாவுக்காகக் காத்திருக்கும் நமக்கு அது கண்ணில்தான் படும், கைக்கு வராது. அதற்குப் பதில் தேதியில் கை வையுங்கள். சிங்கப்பூரில் பள்ளி லீவு மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க. நமக்கு மே முழுக்க லீவு. மே முதல் பாதியில் புறப்படும் கப்பல்களின் விலையை ஜூனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறங்கும் ஊர்களில் பினாங்குக்குத்தான் என் ஓட்டு. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது. நடந்தே லிட்டில் இந்தியாவுக்குப் போய், குயின் தெருவில் 1833-ல் எழும்பிய மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டு, நாசி கண்டார் சாப்பிட்டுத் திரும்பலாம். கப்பல் கம்பெனி விற்கும் சுற்றுலாவுக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். போர்ட் கிளாங் நேர் எதிர். கோலாலம்பூர் போக சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்ப அதே அளவு. பிள்ளைகளோடு போனால் அந்த நாள் கப்பலிலேயே இருந்துவிடுவது நல்லது. எல்லோரும் இறங்கிவிட்டதால் விளையாட்டுகளுக்கு வரிசையும் இருக்காது. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில் படோங் கரைக்குக் கொண்டுபோய் விடும். அதற்கே நேரம் போகும்.

சிங்கப்பூர்க் கப்பலுக்காக மட்டும் விமானம் ஏறுவது காசுக்கு மதிப்பாகாது. சிங்கப்பூர் எப்படியும் போகிறோம், அல்லது அங்கே சொந்தக்காரர் வீடு இருக்கிறது என்றால் கணக்கே மாறிவிடும். திருச்சியிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது. ஹோட்டலில் மூன்று இரவு தங்கி மூன்று வேளை வெளியே சாப்பிடும் செலவையும் கப்பல் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூர் ஹோட்டல் விலைக்குக் கப்பலே சில சமயம் ஜெயிக்கும். கப்பல் கிளம்பும் அன்றே போய் இறங்க மட்டும் வேண்டாம். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது, பணமும் வராது.

லட்சத்தீவு

மூன்றில் இதுதான் குறைந்த ஆடம்பரம், நிறைந்த ஊர்சுற்றல். லட்சத்தீவு நிர்வாகத்தின் ஸ்போர்ட்ஸ் என்ற சுற்றுலா அமைப்பு கொச்சியிலிருந்து 'சமுத்திரம்' என்ற ஐந்து நாள் பேக்கேஜ் நடத்துகிறது. எம்வி கவரத்தி கப்பலில் சுமார் 700 பேர் போகலாம். தீவு மக்களும் சரக்கு மூட்டைகளோடு கூட வருவார்கள். இது அவர்களுடைய பஸ். இரவு கப்பலில் தூக்கம், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகள். மதியச் சாப்பாடு தீவில். மினிக்காயில் 1885-ல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. நான்கு இரவில் மூன்று முழுப் பகல், மூன்றும் தரையில். பகல் கணக்கு போட்டால் மற்ற இரண்டும் இதன் பக்கத்திலேயே வர முடியாது. டிப்ஸ், குடிவகை, காபிக் கணக்கு என்ற பேச்சே இல்லை. பங்காரம் தவிர மற்ற தீவுகளில் மதுவுக்குத் தடை.

ஆனால் நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சி எதையும் எதிர்பார்க்காதீர்கள். கேபின் சாதாரணம். அதைவிட முக்கியம், சில தீவுகளில் கப்பல் கரைக்கு வராது. பக்கவாட்டுக் கதவைத் திறப்பார்கள். கீழே ஒரு சின்னப் படகு ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருக்கும். அது மேலே வரும் நொடி பார்த்துப் பணியாளர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அதுவே பயணத்தின் உச்சம். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு ஒத்துவராது. தீவுக்குள் நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும், பேக்கேஜில் போனால் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். பருவம் அக்டோபரிலிருந்து மே பாதி வரை. சென்னைக் கப்பல் இல்லாத மாதங்களில் இது ஓடுகிறது என்பது நமக்கு வசதி. இடங்கள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எதற்குப் போனாலும் கேபின் எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும், பெரும்பாலும் விலையும் குறைவு. மேலே நீச்சல் குளத்துக்கு அடியில் வரும் கேபின் வேண்டாம், விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். பெரிய கப்பல்களில் நான்கு பேரை ஒரே கேபினில் போட்டால் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் நன்றாகக் குறையும். பாட்டியைத் தனி கேபினில் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு பேர் காசு கேட்பார்கள். அவரோடு ஒரு பேத்தியைச் சேர்த்து இரண்டு கேபினாக எடுப்பதுதான் கட்டுப்படியாகும். தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்கும் இதே இரட்டைக் கட்டணத் தொல்லைதான்.

ஆக, பாட்டி வருகிறார் என்றால் இலங்கைக் கப்பல். பதின்வயதுப் பிள்ளைகள் இருந்து, சிங்கப்பூர் போகும் வேலையும் இருந்தால் அங்கிருந்து மூன்று அல்லது நான்கு இரவு, பினாங்கு வரும்படி. கடலும் தீவும்தான் வேண்டும், சொகுசு வேண்டாம் என்கிற இளவட்டத்துக்கு லட்சத்தீவு.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போகும் அரசுக் கப்பலையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்த்துக் கேட்கிறார்கள். அது போக்குவரத்துக் கப்பல். ஏறத்தாழ அறுபது மணி நேரம், வழியில் எங்கும் இறங்க முடியாது, புறப்படும் தேதி தள்ளிப் போவதும் சகஜம். போகும்போது அதில் போய், வரும்போது விமானத்தில் திரும்புகிற திட்டமிருந்தால் திரும்பும் டிக்கெட்டை இரண்டு மூன்று நாள் தள்ளியே போடுங்கள்.