சேர்வராயன் மலைப் பாறையும் எஸ்ட்விங் சுத்தியலும்

முதலாண்டு நிலவியல் மாணவர்களைச் சேலம் வட்டாரத்துக்குக் களப்பணிக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும், புறப்படுவதற்கு முன்பே வரும் கேள்வி, "எந்தச் சுத்தியல் வாங்கலாம், சார்?" என்பதுதான். பல பயணங்களில் உடன் வந்த எஸ்ட்விங் நிறுவனத்தின் கூர்முனைச் சுத்தியலைக் கொண்டே அதற்கு விடை சொல்கிறேன்.

சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடினமான பாறையால் ஆனது; ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடைய அந்தப் பாறை எளிதில் உடைந்து கொடுக்காது. வெளித்தோல் மழையிலும் வெயிலிலும் சிதைந்து பழுப்பேறிக் கிடப்பதால், அதை மட்டும் பார்த்துக் குறிப்பெழுதும் மாணவர் கட்டாயம் தவறுவார். சில ஆண்டுகளுக்கு முன், மரப்பிடி போட்ட சாதாரணச் சுத்தியலுடன் வந்த ஒரு மாணவர் ஓங்கி அடித்தபோது, தலை பிடியிலிருந்து கழன்று பள்ளத்தில் போய் விழுந்தது. கீழே எவரும் நிற்காதது எங்கள் நல்வினை.

எஸ்ட்விங் சுத்தியலில் அந்த அச்சம் இல்லை, ஏனெனில் தலையும் தண்டும் ஒரே எஃகுத் துண்டாக அடித்து உருவாக்கப்பட்டவை. தலையின் எடை 22 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 620 கிராம். நீலநிறப் பிடி வியர்த்த கையிலும் வழுக்குவதில்லை. பாறையின் நடுவில் அடிக்காமல், துருத்தி நிற்கும் விளிம்பைத் தேர்ந்து சதுர முகத்தால் சாய்வாக இரண்டு மூன்று அடி கொடுத்தால், உள்ளங்கையளவு சில்லு பெயர்ந்து வரும். அதன் புதிய முகத்தில் எண்ணெய் பூசியது போன்ற மினுக்கமும், நீலம் கலந்த சாம்பல்நிறக் குவார்ட்சும், கைலென்ஸில் பார்த்தால் கரும்பழுப்பான ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமும் தெரியும்போது, வகுப்பில் பலமுறை சொல்லியும் பதியாதது அந்த நிமிடத்தில் மாணவருக்குப் பதிந்துவிடுகிறது. நல்ல சுத்தியலுக்குச் செலவிடச் சொல்வது இதற்காகத்தான்.

கூர்முனை, பாறை வெடிப்புகளில் நுழைத்து நெம்புவதற்கு உதவுகிறது. அரியலூர்ப் படிவுப் பாறைகளில் தொல்லுயிர் எச்சம் தேடுபவர்களுக்கு இது ஏற்றதல்ல. அவர்கள் தட்டையான உளிமுனை கொண்ட வகையை வாங்க வேண்டும்.

முழு எஃகு என்பதால் ஒரு கவனம் தேவை. இடுப்பில் சுத்தியலைத் தொங்கவிட்டுக்கொண்டே பாறையின் திசையையும் சாய்வையும் அளக்கும் பிரண்டன் காம்பஸில் அளவெடுத்தால் முள் விலகிவிடும். சில அடி தள்ளி வைத்துவிட்டு அளப்பதே முறை. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் பாறையிலேயே மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது நிறைந்திருப்பதால், அங்கு காம்பஸ் காட்டும் திசையை நம்பாமல், தொலைவில் தெரியும் குறிகளைக் கொண்டு வரைபடத்தில் சரிபார்க்க வேண்டும்.

உள்ளூர்ச் சுத்தியலைவிட விலை பன்மடங்கு கூடுதல் என்பது உண்மை. ஆயினும் முதுகலையும் ஆய்வும் தொடர எண்ணுபவருக்கு இது பல ஆண்டுகள் உழைக்கும். ஒரே பருவத்துக்கு மட்டும் தேவைப்படுபவர் துறையில் இரவல் பெறலாம். எதுவாயினும், தெறிக்கும் சில்லு கண்ணைத் தாக்கக்கூடும் என்பதால், பாதுகாப்புக் கண்ணாடியையும் சேர்த்தே வாங்குங்கள். திருவக்கரை கல்மரப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குப் போகும்போது சுத்தியலை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள்.