குதிரையை மெதுவா விடுங்க: ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2

"ரெண்டு மணி நேரமா பனிக்குள்ள நடந்துக்கிட்டே கெடக்கான், சண்டையக் காணோமே வே?" ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற வீடியோ கேமை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போட்டவர்கள் முதல் நாளே கேட்கிற கேள்வி இது. கேள்வி நியாயமானதுதான். முதல் அத்தியாயம் முழுக்கப் பனி, இருட்டு, முழங்கால் புதைகிற நடை. அங்கேயே மூடி வைத்துவிட்டவர்களுக்கு இந்த கேம் கடைசிவரை புரியாது. இந்த மந்தமும் கதையின் ஒரு பகுதிதான்.

ராக்ஸ்டார் நிறுவனம் 2018 அக்டோபர் 26-இல் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற இரண்டு கன்சோலிலும் இதை வெளியிட்டது. கம்ப்யூட்டருக்கு 2019 நவம்பரில் வந்தது. கதை நடப்பது 1899 அமெரிக்காவில். டச் வேன் டெர் லிண்ட் என்பவரின் கொள்ளைக்கூட்டம், அதில் அவருக்கு வலது கையான ஆர்தர் மார்கன். ஆர்தர்தான் நாம். 2010-இல் வந்த முதல் கேமின் கதைக்கு முந்தைய காலம் இது என்பதால், அதை ஆடாதவர்கள் தாராளமாக இதிலிருந்தே தொடங்கலாம். ஆறு அத்தியாயம், அதற்குப் பின் இரண்டு பகுதியாக எபிலாக் என்ற பின்கதை. கதையை மட்டும் ஆடினாலே ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகும். ராத்திரிக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் ஒரு மாதக் கணக்கு.

இதன் நிலப்பரப்பைப் புகழாதவர் இல்லை. "கிராபிக்ஸ் நிஜம் மாதிரி இருக்கு" என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேலேயும் ஒன்று பிடிபடும். மாஞ்சோலை மலை, வள்ளியூர் பக்கத்து மேய்ச்சல் காடு, தாமிரபரணி வயல், உவரிக் கடற்கரை, தேரிக்காட்டுச் செம்மணல் எல்லாம் அரை நாள் பஸ் பயணத்துக்குள் அடங்கிய ஊர் இது. நிலம் மாறினால் மனநிலையும் மாறும் என்பதைத் திணை என்ற பெயரில் பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள் நாம். இந்த கேம் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

இரண்டாம் அத்தியாயத்தில் கூட்டம் மலையை விட்டு இறங்கிப் புல்வெளி ஓரம் கூடாரம் போடுகிறது. பக்கத்தில் வாலன்டைன் என்ற ஊர், ஆடுமாடு விற்கிற சந்தை ஊர். போலீஸ் தேடுகிற சூடு ஆறும்வரை அங்கே காத்திருக்க வேண்டும். முல்லைக்கு உரியது காத்திருத்தல்தானே. அடுத்து தெற்கே இறங்கினால் ரோட்ஸ் என்ற செம்மண் ஊர், புகையிலைத் தோட்டம், அதற்கும் கீழே சதுப்பு, செயின்ட் டெனிஸ் என்ற பெருநகரம். வயலும் நகரமும் வந்ததும் கூட்டத்துக்குள் ஊடல் ஆரம்பிக்கிறது: யார் சொன்னதை யார் கேட்கவில்லை, யார் யாரை நம்பவில்லை என்று. அது மருதம். ஐந்தாம் அத்தியாயத்தில் கடல் சூழ்ந்த தீவு, அங்கே மிஞ்சுவது இரங்கல். ஆறாம் அத்தியாயத்தில் நிலம் என்னவோ காடும் மலையும்தான். ஆனால் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் அதுவே பாலை என்பது நம் மரபு. அந்த அத்தியாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறு மொழியில் இருக்குமா தெரியாது. முதல் அத்தியாயத்துப் பனி மட்டும் கணக்கில் சேரவில்லை. பனி நமக்கு முன்பனி, பின்பனி என்று பொழுதாகத்தான் உண்டு, நிலமாகக் கிடையாது.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, திரையின் மூலையில் வழிகாட்டும் சின்ன வரைபடமான மினிமேப்பைக் குறைப்பது. பிஎஸ்4 கன்ட்ரோலரில் திசைப் பொத்தானின் கீழ்ப்பக்கத்தை அழுத்திப் பிடித்தால் பெரிய வரைபடம், சாதாரணம், திசைகாட்டி, எதுவும் இல்லை என்று நான்கு வழி காட்டும். திசைகாட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மினிமேப் இருந்தால் 50 மணி நேரமும் கண் அதில் வழிகாட்டும் சிவப்புக் கோட்டின் மேலேதான் இருக்கும், நிலத்தைப் பார்க்கவே பார்க்காது. இரண்டாவது, நொடியில் வேறு ஊருக்குத் தாவ விடும் ஃபாஸ்ட் டிராவலைத் தள்ளிப்போடுவது. கேம்ப்பில் முதலில் டச்சின் கூடாரத்தையும் பிறகு ஆர்தரின் இருப்பிடத்தையும் மேம்படுத்தினால்தான் அது திறக்கும். அந்தக் காசை வேறு எதற்காவது செலவிடுங்கள். தூரம் அதிகமென்றால் ரயில் இருக்கிறது, குதிரை வண்டி இருக்கிறது.

வழியில்தான் கேமே நடக்கிறது. பாம்பு கடித்த ஒருவன் பாதையோரம் கூப்பிடுவான். நின்று விஷத்தை உறிஞ்சித் துப்பலாம், மருந்து கொடுக்கலாம், கண்டுகொள்ளாமலும் போகலாம். காப்பாற்றினால் பிறிதொரு நாள் வாலன்டைன் துப்பாக்கிக் கடை வாசலில் அவனே உட்கார்ந்திருப்பான். "உள்ள போய் வேண்டியத எடுத்துக்கோ, நான் தாரேன்" என்கிற தோரணையில் கூப்பிடுவான். இதற்கு மிஷன் கிடையாது, மஞ்சள் குறி கிடையாது. ஃபாஸ்ட் டிராவலில் பறந்தவனுக்கு இவன் எதிர்ப்படுவதே கஷ்டம்.

கதையின் அச்சாணி எதுவென்று கேட்டால், ரயில் கொள்ளையும் பேங்க் கொள்ளையும் அல்ல, வட்டிப் பணம்தான். கேம்ப்பில் ஸ்ட்ராஸ் என்றொருவர் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பார். வழியில்லாத குடும்பங்களுக்குக் கடன் கொடுப்பார். வசூலிக்கப் போவது ஆர்தர். கந்துவட்டி என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் வரும் இந்த வசூல் மிஷன்களை "சின்ன வேலை" என்று ஓட்டித் தள்ளாதீர்கள். கடன் வாங்கியவரின் முகம், அவர் வீட்டு வேலி, பின்னால் நிற்கும் மனைவி, பிள்ளை எல்லாவற்றையும் பார்த்து வையுங்கள். ஏன் என்பதைச் சொன்னால் கேமின் பாதியைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆறாம் அத்தியாயத்தில் இந்த வட்டிக் கணக்கின் மறுபக்கம் திறக்கும். ஆனால் அங்கே ஒரு நிபந்தனை உண்டு: ஆர்தரின் நல்லது கெட்டதைக் கணக்கு வைக்கும் ஹானர் மீட்டர் தாழ்ந்து கிடந்தால் சில மிஷன் வரவே வராது. அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் கேமை முடித்துவிடுவீர்கள்.

ஹானரை ஏற்றுவது கஷ்டமில்லை. எதிரே வருபவருக்கு வணக்கம் வைப்பது, பிடித்த சின்ன மீனைத் திரும்ப ஆற்றில் விடுவது, கேம்ப்பில் வைக்கோல் கட்டு சுமப்பது, விறகு பிளப்பது என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நன்றாக ஏறினால் கடையில் விலையும் குறையும். இறங்குவதுதான் ஒரே நொடியில் நடக்கும். அதற்குக் காரணம் பெரும்பாலும் எல்2 பொத்தான். கையில் துப்பாக்கி இல்லாதபோது எல்2-ஐ அழுத்தினால் எதிரே நிற்பவரிடம் பேசலாம். துப்பாக்கி கையில் இருக்கும்போது அதே எல்2 அவர் நெஞ்சுக்குக் குறி வைக்கும். பேச நினைத்து அழுத்தினால் அவர் அலறுவார், பார்த்தவர் போலீசுக்கு ஓடுவார், தலைக்கு விலை ஏறும். ஊருக்குள் நுழையும்போதே எல்1-ஐ ஒருமுறை தட்டித் துப்பாக்கியை உறையில் போட்டுவிடுங்கள். பொத்தான் அமைப்பில் இது நிச்சயமாகக் குறைதான். எத்தனையோ பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு குறை: குதிரையை விட்டு இறங்கினால் நீளத் துப்பாக்கியைச் சேணத்திலேயே விட்டுவிட்டு இறங்குவார் ஆர்தர். சண்டை மூண்ட பிறகுதான் கையில் சின்னத் துப்பாக்கி மட்டும் இருப்பது தெரியும். இறங்கும் முன் ஆயுதச் சக்கரத்தில் தேர்ந்தெடுத்துக்கொள்வது ஒன்றே வழி.

குதிரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தீனி, தேய்ப்பு, தட்டிக்கொடுப்பு இவற்றால் உறவு நான்கு நிலை வரை ஏறும். ஏற ஏற, துப்பாக்கிச் சத்தத்துக்கும் முதலைக்கும் மிரள்வது குறையும். மிரளும்போது எல்3-ஐத் தட்டினால் அடங்கும். பையில் எப்போதும் ஒரு ஹார்ஸ் ரிவைவர் மருந்து வைத்திருங்கள். அடிபட்டு விழுந்த குதிரைக்கு அது இல்லையென்றால் அந்தக் குதிரை திரும்ப வராது. இந்த ஒரு விதி கதைக்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்பது கடைசியில் தெரியும்.

உடையும் கணக்கில் வரும். பனிமலைக்கு மெல்லிய சட்டையோடு போனாலும், வெயில் பகுதிக்குக் கம்பளிக் கோட்டோடு போனாலும் ஆர்தரின் உடல் பலம் வேகமாக வடியும். சித்திரை வெயிலில் ரெயின்கோட் போட்டு பைக் ஓட்டிப் பார்த்தவருக்கு இது புரியும்.

இனி நம் பக்கத்துப் பாடு. கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடம் கேட்கிறது. 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் இடைவிடாமல் இறங்கினால் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தினம் 2 ஜிபி கிடைக்கும் மொபைல் டேட்டாவை நம்பினால் 75 நாள், அதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். நிறுவனம் பரிந்துரைப்பது ஐ7-4770கே, 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. பழைய ஹார்ட் டிஸ்கில் போட்டால் வேகமாகக் குதிரை ஓட்டும்போது மரமும் வீடும் தாமதமாக முளைக்கும், எஸ்எஸ்டி-யில் போடுங்கள். செட்டிங்ஸில் பொருட்களின் மேற்பரப்புத் தெளிவான டெக்ஸ்சரை மட்டும் அல்ட்ராவில் வையுங்கள். அதற்குக் கீழே இறக்கினால் தோலும் துணியும் சேறு பூசியது போல் ஆகிவிடும். மற்றவற்றைத் துணிந்து குறைக்கலாம்: எம்எஸ்ஏஏ முழுக்க ஆஃப், வால்யூமெட்ரிக் லைட்டிங் மீடியம், வாட்டர் பிசிக்ஸ் பாதி, ட்ரீ டெஸலேஷன் ஆஃப். கேம் அடிக்கடி மூடிக்கொண்டால் கிராபிக்ஸ் ஏபிஐ-யை வல்கனிலிருந்து டைரக்ட்எக்ஸ் 12-க்கோ, டைரக்ட்எக்ஸ் 12-இலிருந்து வல்கனுக்கோ மாற்றிப் பாருங்கள். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும்.

பிஎஸ்4-க்குப் பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு டிஸ்க். முதலில் டேட்டா டிஸ்கைப் போட்டு ஏற்றி, பிறகு பிளே டிஸ்க். ஏற்றி முடித்தபின் ஆடுவதற்குப் பிளே டிஸ்க் மட்டும் போதும் என்பதால், டேட்டா டிஸ்கை எங்கேயோ தொலைத்துவிட்டு ஒற்றை டிஸ்கை விற்பவர்கள் உண்டு. அதை வாங்கி வந்தால் இன்ஸ்டால் ஆகாது.

பிஎஸ்4-க்கு சோனி சொல்லும் அறை வெப்பம் 35 டிகிரி வரை. பாளையங்கோட்டையில் மே மாத மதியம் அதைத் தாண்டித்தான் இருக்கும். டிவி ஷோகேஸ் கண்ணாடிக்குள் வைத்து ஆடாதீர்கள். சுற்றிலும் 10 செ.மீ. இடம் விட்டு வெளியே வையுங்கள், முடிந்தால் ராத்திரி ஆடுங்கள். மிஷன் நடுவில் நாமாக சேவ் செய்ய முடியாது என்பதால் கரண்ட் போனால் அந்த மிஷன் போனதுதான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட், ஈகோ மோட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் யுபிஎஸ் பக்கம் தள்ளி வையுங்கள். ஈகோவில் மின்சாரம் மாறும் இடைவெளி கூடுதல், அந்த இடைவெளியில் கன்சோல் அணைந்துவிடும். அணைந்து அணைந்து கன்சோலின் ஹார்ட் டிஸ்க் மந்தமாகிவிட்டால், பவர் பொத்தானை இரண்டாவது பீப் வரும்வரை அழுத்திப் பிடித்து சேஃப் மோடுக்குப் போய், கன்ட்ரோலரைக் கேபிளில் செருகி, 5-வது தேர்வான ரீபில்ட் டேட்டாபேஸைக் கொடுங்கள். சேவ் அழியாது.

தமிழ் சப்டைட்டில் இல்லை. பேச்சு முழுக்க அந்தக் காலத்து அமெரிக்க நாட்டுப்புற ஆங்கிலம். சப்டைட்டிலைப் போட்டுவிட்டு, கூடவே ஆர்தரின் நோட்டையும் அடிக்கடி திறந்து வாசியுங்கள். வாயால் சொல்லாததையெல்லாம் அவர் அதில் எழுதுகிறார், பார்த்த பறவையையும் மரத்தையும் வரைந்து வைக்கிறார். ஆர்தருக்குக் குரல் கொடுத்த ரோஜர் கிளார்க்குக்கு 2018 கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது கிடைத்தது. அந்தக் குரல் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கரகரத்துக்கொண்டே போவதைக் கவனித்தால் அது ஏன் என்பது விளங்கும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கேம் இது. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடக் கூடாது.

மிஷன்கள் மட்டும் இந்தப் பரந்த உலகத்துக்குப் பொருந்தாத குறுகல். சொன்ன வழியை விட்டு நாலு அடி விலகினால் "மிஷன் தோல்வி" என்கிறது. துப்பாக்கிச் சண்டை எல்லாம் ஒரே வார்ப்பு: ஒளி, எட்டிப் பார், சுடு. ஐந்தாம் அத்தியாயத்துத் தீவு அவசர அவசரமாகப் பின்னியது போல் இருக்கிறது, நெய்தலுக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். இத்தனைக்கும் நடுவில் ஆர்தரின் பழைய காதலி மேரி லின்டனின் கடிதங்கள் வரும். அவள் மிஷன்கள் கட்டாயமில்லை, அதனாலேயே தவறிப்போகும். கடிதம் வந்ததும் போய்விடுங்கள், தள்ளிப்போட்டால் கிடைக்காமலே போகலாம்.

எபிலாக் முடிந்து பெயர்கள் ஓடும்போது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடாதீர்கள். ஸ்கிப்பையும் தொடாதீர்கள். பெயர்களுக்கு நடுவே, எஞ்சியவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகக் காட்டுகிறார்கள்.